குளிர் அறைக் கொப்பியும் ஒன்பது மாத முதுமாணியும்

கேள்வி: எனக்கு வயது 31. திருகோணமலையில் ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் தரப் பிரிவில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன், கம்பஸ் கிடைக்கவில்லை. பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அனுபவம் போதும், இணையவழியில் ஒன்பது மாதத்தில் தர முகாமைத்துவ முதுமாணி எடுக்கலாம், சனி ஞாயிறு இரண்டிரண்டு மணி நேரம் ஒதுக்கினால் காணும் என்று ஒரு வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தின் முகவர் சொல்கிறார். கட்டணம் 3 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். கணவர் சேரச் சொல்கிறார். மாமி, "பிள்ளைக்கு நாலு வயசு, இப்ப ஏன் இந்த வேலை" என்கிறார். எனக்கு ஷிப்ட் வேலை. ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், எழுத வராது. போன வருடம் பட்டம் முடித்த ஒருவரை எனக்கு மேலே முகாமையாளராகப் போட்டார்கள். அவர் வேலை பழகியது என்னிடம். அதுதான் மனசுக்குள் கிடந்து அரிக்கிறது. சேரட்டுமா, ஐயா? – உப்புவெளி வாசகி

பதில்: தங்கச்சி, படியுங்கள். அந்த ஒன்பது மாத முதுமாணிக்கு மட்டும் காசு கட்டிவிடாதீர்கள். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். மிச்சத்தை ஆறுதலாகக் கதைப்போம்.

முதலில் கணக்கு. நம் நாட்டில் கல்வித் தகைமைகளுக்கு ஒரு படிநிலை உண்டு. இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்று பெயர். உயர்தரம் 2ஆம் படி, டிப்ளோமா 3, உயர் டிப்ளோமா 4, சாதாரண பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6, இப்படிப் போய் பாடநெறி முதுமாணி 9இல் நிற்கிறது. இரண்டில் நிற்கும் உங்களை முகவர் ஒன்பதில் தூக்கி வைக்கிறேன் என்கிறார். நடுவே ஆறு படி. அனுபவத்தைக் கணக்கில் எடுத்து, பட்டம் இல்லாதவரையும் முதுமாணிக்குச் சேர்க்கிற நல்ல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். அவர்கள் எத்தனை வருடம் எந்தப் பொறுப்பில் இருந்தீர்கள் என்று கேட்பார்கள், உங்கள் எழுத்தை வாங்கிப் பார்ப்பார்கள், கொஞ்சப் பேரைத் திருப்பியும் அனுப்புவார்கள். விண்ணப்பித்தவர் யாரையுமே திருப்பி அனுப்பாத இடத்தைத்தான் நான் நம்புவதில்லை.

அதே சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரப் படிப்பு. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை ஆயத்தம் எல்லாம் அதற்குள் வரும். பாடநெறி முதுமாணிக்குக் குறைந்தது 30 கிரெடிட், அதாவது 1,500 மணி நேரம். ஒன்பது மாதம் என்பது ஏறக்குறைய 39 வாரம். வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு 38 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. உங்கள் தொழிற்சாலை வேலை மாதிரி இன்னொரு முழுநேர வேலை. முகவர் சொல்லும் சனி ஞாயிறு நாலு மணி நேரத்தை 39ஆல் பெருக்கினால் 156 மணி. தேவையானதில் பத்தில் ஒரு பங்குதான். ஒன்றில் அந்த நேரக் கணக்கு பொய், அல்லது அந்தப் பட்டம் பொய். எந்த இணையவழிப் படிப்பின் விளம்பரத்தைப் பார்த்தாலும் முதலில் இந்தப் பெருக்கலைச் செய்துவிடுங்கள். அதற்கு ஒரு கல்குலேட்டர் காணும்.

தனியார் கொம்பனி ஒன்று அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அரசாங்க வேலைக்கோ, இங்கே மேலே படிக்கவோ போனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்த நிறுவனத்தை ஏற்கிறதா என்ற கேள்வி வரும். நிறுவனத்தின் முழுப் பெயரையும் பட்டத்தின் பெயரையும் எழுதி, ஆணைக்குழுவிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்; முகவரின் வட்ஸ்அப் குரல் பதிவு பதிலாகாது. "ஐ.எஸ்.ஓ. அங்கீகாரம் பெற்ற பாடநெறி" என்று துண்டுப்பிரசுரத்தில் இருந்தால் அதை அப்படியே மடித்து அடுப்படியில் வைத்துவிடுங்கள், நெருப்பு மூட்ட உதவும். ஐ.எஸ்.ஓ. என்பது கட்டளைகளை, அதாவது தர நியமங்களை, எழுதி வெளியிடும் சர்வதேச அமைப்பு. அது யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. கொம்பனிகளுக்குச் சான்றிதழ் கொடுப்பது வேறு நிறுவனங்கள்.

சரி, இப்போது ஏன் படியுங்கள் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். அதற்கு என் மானம் போன கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2001இல் நான் நீர்கொழும்புப் பக்கம் ஒரு மீன் தொழிற்சாலையில் தரப் பிரிவில் உதவியாளன். பெயர் வேண்டாம். உறைந்த மீன் களஞ்சியத்தின் வெப்பநிலையை ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். –18 பாகை அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். மூன்று ஷிப்ட், ஒரு நாளைக்கு 24 வரி. ஆள் பற்றாத தொழிற்சாலை அது. நான் விடிய வந்ததும் முதல் நாளின் மிச்ச வரிகளை இருந்து நிரப்பிவிடுவேன். –19, –19, –19. வடிவான கையெழுத்து வேறு.

ஒரு நாள் கொள்வனவாளர் தரப்பிலிருந்து ஓடிட்டுக்கு ஒருவர் வந்தார். கொப்பியைப் புரட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. ஜெனரேட்டர் கொப்பி இருக்கிறதா என்று கேட்டார். அது மெக்கானிக்கிடம் இருந்தது, எண்ணெய்க் கறையோடு. அதில் ஒரு நாள் 11.10க்குக் கரண்ட் போய், ஜெனரேட்டர் மக்கர் பண்ணி, 12.45க்குத்தான் ஓடியது என்று கிறுக்கியிருந்தது. என் கொப்பியில் அதே நாள் 11 மணி –19, 12 மணி –19, 1 மணி –19. அவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "மூன்று ஷிப்ட்டும் நீங்கள்தானா தம்பி? நித்திரை கொள்வதில்லையா?"

இதில் என்ன அநியாயம் என்றால், அன்றைக்கு அந்த மீனுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. நிறைந்த களஞ்சியம், கதவு திறக்கவில்லை, ஒன்றரை மணி நேரத்தில் ஒன்றிரண்டு பாகை ஏறியிருக்கும், அவ்வளவுதான். –17 என்று உண்மையான ஒரு எண் இருந்திருந்தால் அதை வைத்தே வாதாடியிருப்பேன். என்னிடம் இருந்தது அழகான பொய். அதற்குப் பிறகு நான் காட்டிய எந்தக் கொப்பியையும் அவர் நம்பவில்லை, நம்ப வேண்டியதும் இல்லை. கொள்வனவாளர் மூன்று மாதம் எங்களிடம் மீன் எடுக்கவில்லை.

இது என்னோடு முடிந்த கதையும் அல்ல. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது நினைவிருக்கும். 2016 ஜூனில்தான் எடுத்தார்கள். மீன் பழுது என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் படகு, எந்தக் கடலில், எப்போது பிடித்தது என்பதைக் கண்காணித்து ஆதாரத்தோடு காட்டும் முறை போதாது, சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்க நாடு போதியதைச் செய்யவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. கடலில் போனவருக்கும் கரையில் ஐஸ் உடைத்தவருக்கும் சேர்த்துத்தான் அடி விழுந்தது.

கொப்பியை ஒழுங்காக எழுதப் படிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். எழுதுவதற்கு அது தேவையில்லைதான். எழுதிய எண் என்ன சொல்கிறது என்று வாசிக்கத்தான் படிப்பு வேண்டும். உங்கள் தொழிற்சாலையில் 500 கிராம் பொதி போடுகிறார்கள் என்று வையுங்கள். சுப்பவைசர் ஒரு பொதியை நிறுக்கிறார், 491. "குறையுது" என்று கொஞ்சம் கூட்டிவிடச் சொல்கிறார். அடுத்தது 512. "கூடிப்போச்சு" என்று குறைக்கச் சொல்கிறார். நாள் முழுக்க இப்படியே. நல்ல மனிதர், கவனமான மனிதர். ஆனால் அவர் கை வைக்காமல் சும்மா விட்டிருந்தால் நிறை இன்னும் சீராக இருந்திருக்கும். எந்த வேலையிலும் இயல்பாக ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. அதற்கு மேலே நடக்கிற ஒன்றுதான் விசேடம், அதற்குத்தான் ஓட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் படத்தை வோல்டர் ஷூவார்ட் என்ற அமெரிக்கர் 1924 மே மாதம் தன் மேலதிகாரிக்கு ஒரு சின்னக் குறிப்பாக வரைந்து கொடுத்தார். கட்டுப்பாட்டு வரைபடம் என்று இன்றைக்கும் எல்லாப் பாடநெறியிலும் வரும். 1950இல் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர நிபுணர் ஜப்பானுக்குப் போய்ப் படிப்பித்ததும் பெரும்பாலும் இந்த வழியைத்தான். ஆறு வருடம் மீன் லைனில் நின்ற உங்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கைக்குத் தெரியும். பெயரும் கணக்கும்தான் தெரியாது. பட்டதாரி முகாமையாளருக்குப் பெயரும் கணக்கும் தெரியும், கைக்குத் தெரியாது. உங்களிடம் வந்து அவர் பழகியதற்கு அதுதான் காரணம். அதைத் திருட்டு என்று நினைக்காதீர்கள். அவரிடமிருந்து நீங்களும் எடுக்க இருக்கிறது, கூச்சமில்லாமல் கேளுங்கள்.

அப்புறம், எதை முதலில் படிப்பது. உணவுத் தொழிலில் இருப்பவர் பொதுவான தர முகாமைத்துவத்தில் தொடங்கக் கூடாது என்பது என் பிடிவாதம். ஹசப்பில், அதாவது உணவில் ஆபத்து வரும் இடத்தை முன்கூட்டியே கண்டு அங்கேயே தடுக்கும் முறையில், தொடங்குங்கள். 1960களில் விண்வெளி வீரர்களின் சாப்பாட்டுக்காக நாசாவும் பில்ஸ்பரி கொம்பனியும் சேர்ந்து உருவாக்கிய முறை அது, ஏழு கோட்பாடுகள்தான். இங்கே அதற்கு எஸ்.எல்.எஸ். 1266 என்ற இலங்கைக் கட்டளையும் உண்டு. உங்கள் சூரை மீனையே எடுங்கள். பிடித்த மீனை வெயிலில் வைத்தால் பக்டீரியா ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கும். உண்டான பிறகு சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது, டின்னில் அடைத்தாலும் போகாது. ஆகவே கடைசியில் நின்று பார்த்துப் பிரயோசனமில்லை, படகிலிருந்து இறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு தொகுதி சூரையிலிருந்து ஒன்பது மாதிரி எடுப்பார்கள்: சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இரண்டு மாதிரி மட்டும் 100க்கும் 200க்கும் இடையே இருக்கலாம், ஒன்றுகூட 200ஐத் தாண்டக் கூடாது. ஏன் ஒன்பது, ஏன் இரண்டு? அந்தக் கேள்வி உங்களுக்குள் எழும்பினால் நீங்கள் புள்ளிவிவரத் தரக் கட்டுப்பாட்டுப் பாடத்துக்கு ஆயத்தம். எழும்பாவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், ஒன்றும் குடிமுழுகாது.

ஹசப்புக்கு அடுத்தது ஒரு டிப்ளோமா. இலங்கை கட்டளைகள் நிறுவனம் தர முகாமைத்துவ டிப்ளோமா நடத்தி வந்திருக்கிறது, எஸ்.எல்.எஸ். சின்னம் கொடுப்பவர்களும் அவர்களே, 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அரச நிறுவனம். எங்கள் காலத்தில் வெள்ளி இரவு ரயிலேறி, சனி விடியக் கோட்டையில் இறங்கி, முகம் கழுவிவிட்டு வகுப்புக்குப் போய், ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் வேலைக்குப் போவோம். மூன்று வருடம் நான் திங்கட்கிழமையில் சிரித்ததே இல்லை. உங்களுக்கு அந்த ரயில் தேவையில்லாமல் போகலாம். எத்தனை வகுப்பு இணையத்தில், எத்தனை கொழும்பில் நேரில், பரீட்சை எங்கே என்று விண்ணப்பம் எடுக்கும்போதே கேளுங்கள். மீன் வேலையை விட்டு ஒரு நாள் சீமெந்து ஆலைக்கோ, மா ஆலைக்கோ, புல்மோட்டைக் கனிய மணலுக்கோ, நிலாவெளி ஹோட்டலுக்கோ மாற நினைத்தால் அப்போது கைகொடுப்பது இந்தப் பொதுவான டிப்ளோமாதான். ஆஸ்பத்திரிகூட இதில் சேர்த்திதான். கொழும்பு காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி வேலையிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் ஜப்பான்காரரின் 5 எஸ் முறையைப் பின்பற்றிய விதம் ஆபிரிக்க நாடுகள் வரை பாடமாகப் போனது.

அடுத்தது ஐ.எஸ்.ஓ. 9001 என்ற தர முகாமைத்துவக் கட்டளைக்கான உள்ளகக் கணக்காய்வாளர் பயிற்சி, அதாவது சொந்த நிறுவனத்தையே ஓடிட் செய்யப் பழகுவது. சில நாள் வேலைதான், இணையத்தில் நேரடி வகுப்பாகவே கிடைக்கிறது. 1987இல் வந்த கட்டளை, 2015இல் இன்றைய அமைப்புக்கு மாறியது, 2024இல் ஒரு சிறு திருத்தமும் வந்தது. நீங்கள் சேரும் நாளில் எந்தப் பதிப்பு நடப்பில் உள்ளதோ அதைத்தான் படிப்பிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கொப்பியை வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து நாள் லீட் ஓடிட்டர் பயிற்சியை இப்போது எடுக்க வேண்டாம். ஓடிட் செய்த அனுபவம் இல்லாமல் அதை எடுப்பது கடல் பார்க்காமல் நீச்சல் சான்றிதழ் வாங்குகிற மாதிரி.

பட்டம் அதற்குப் பிறகு. திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து வேலை செய்கிறவர்களுக்காகவே இருக்கிறது, அங்கும் விசாரியுங்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.கியூ. என்ற தரத் துறை அமைப்பு நடத்தும் தரப் பொறியியலாளர் தேர்வு எட்டு வருட அனுபவம் கேட்கிறது. இளமாணிப் பட்டம் இருந்தால் அதில் நாலு வருடம் கழித்துவிடுவார்கள். முகவர் சொல்வதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே படிப்பும் அனுபவமும் சேர்ந்துதான் போகின்றன.

எந்தப் பாடநெறியில் சேருமுன்னும் ஒரு மாதிரி ஒப்படையைக் காட்டச் சொல்லுங்கள். "தரத்தின் வரைவிலக்கணம் தருக" என்று கேட்டிருந்தால் வேண்டாம். "உங்கள் வேலைத்தலத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிழையை எடுத்து, ஒரு மாதத் தரவோடு காரணம் காண்க" என்று கேட்டிருந்தால் காசு கட்டலாம். இரண்டாவது வகைப் படிப்பில் உங்கள் தொழிற்சாலையே உங்கள் ஆய்வுகூடம். வகுப்பில் உள்ள மற்றவர்கள் கற்பனையாக எழுதும்போது நீங்கள் ஐஸ் தண்ணீரில் கை வைத்துவிட்டு வந்து எழுதுவீர்கள். ஒன்று மட்டும்: தொழிற்சாலைத் தரவை ஒப்படைக்குப் பயன்படுத்த முகாமையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேட்கும்போதே கட்டணத்தில் பாதியைத் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். தந்தால் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று பொண்ட் வைப்பார்கள், எத்தனை வருடம் என்று வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஒரு சதமும் கட்டாமல் இந்த வாரமே தொடங்கலாம். ஒரு தாளில் கோடு போட்டு, திருப்பி அனுப்பப்படும் பெட்டிகளின் காரணத்தை ஒரு மாதத்துக்குக் கோடு கோடாகக் குறியுங்கள்: ஐஸ் போதாமை, வயிறு வெடித்தது, நிறை குறைவு, லேபல் பிழை. மாத முடிவில் பெரும்பாலும் ஒன்றிரண்டு காரணம்தான் பாதிக்கு மேலே நிற்கும். அதில் ஒன்றை எடுத்து, அதன் காரணங்களைத் தேட இஷிகாவா என்ற ஜப்பானியரின் படத்தைப் போடுங்கள். தலை, நடு முள், பக்க முள். பெயரே மீன் முள் வரைபடம். நம் ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூடவே உங்கள் வெப்பமானியையும் ஒருதரம் பாருங்கள். சுத்தமான ஐஸை நொறுக்கி பிளாஸ்கில் நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கலக்கி, சில நிமிடம் பொறுத்து நடுவே வையுங்கள். 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இதுவரை எழுதிய எல்லா எண்ணையும் என்ன செய்வது? ஐ.எஸ்.ஓ. 9001இல் 7.1.5 என்ற அளவீட்டுக் கருவிகள் பற்றிய பகுதியில் அந்தக் கேள்வியும் வரும்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். தரத் துறையின் ஆங்கிலம் மிகச் சின்ன ஆங்கிலம். எது நியமம், எது கண்டது, எங்கே முறிந்தது என்ற மூன்றும் இருந்தால் காணும். "2ஆம் இலக்க வெப்பமானி ஐஸ் தண்ணீரில் 1.8 பாகை காட்டியது. எங்கள் நடைமுறைப்படி 0.5க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பாவனையிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்கவில்லை." இதை முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று வீதம் மூன்று மாதம் எழுதினால் ஒப்படைக்கு வேண்டிய ஆங்கிலத்தில் பெரும்பகுதி வந்துவிடும். போன் எழுதித் தரும் ஆங்கிலத்தை அப்படியே ஒட்டி அனுப்பாதீர்கள். வெப்பமானியைப் பிடித்தவர் நீங்கள், போன் அல்ல. திருத்தம், திருத்த நடவடிக்கை என்ற இரண்டையும் குழப்பாமல் இருந்தால் பாதி வகுப்பைத் தாண்டிவிட்டீர்கள். கதவின் ரப்பர் கிழிந்து குளிர் போகிறது: ரப்பரை மாற்றுவது திருத்தம். ரப்பர் கிழிந்ததை ஏன் ஒரு மாதம் ஒருவரும் பார்க்கவில்லை என்று கேட்டு, பார்ப்பதற்கு ஆளும் நாளும் குறிப்பது திருத்த நடவடிக்கை.

வெளிநாட்டு வகுப்பு என்றால் நேரத்தைப் பாருங்கள். பிரித்தானியாவில் பின்னேரம் 6 மணி வகுப்பு அவர்களின் குளிர்காலத்தில் நமக்கு இரவு 11.30. கோடையில் 10.30. விடிய ஷிப்ட்டுக்குப் போகிறவருக்கு அது படிப்பல்ல, தண்டனை. பதிவு செய்து வைத்துப் பிறகு பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். கமரா வைத்து நடத்தும் பரீட்சையில் கரண்ட் போனால் என்ன விதி என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டணம் பவுணிலோ டொலரிலோ என்றால் தவணை முறை ஆபத்து. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. முதல் தவணை கட்டியவர்கள் இரண்டாவதைக் கட்ட நகை வைத்தார்கள்.

மாமியின் கேள்வியையும் நான் தள்ளிவிடமாட்டேன், அதில் நியாயம் இருக்கிறது. 30 கிரெடிட் படிப்பை இரண்டு வருடத்துக்கு விரித்தால்கூட வாரம் 14 மணி நேரத்துக்கு மேல். அந்த நேரம் எங்கிருந்து வரும் என்று சேருமுன்னரே வீட்டில் இருந்து எழுதுங்கள்: எந்த இரண்டு இரவு கணவர் பிள்ளையை நித்திரையாக்குவார், எந்த ஞாயிறு காலை மாமி பார்ப்பார் என்று. "சேரச் சொல்கிறார்" என்பது வேறு, ஞாயிறு சமைப்பது வேறு. கணவரிடம் இரண்டாவதைக் கேளுங்கள்.

எப்போது சேருவது என்றால், உங்கள் தொழிற்சாலையின் வருடத்தைப் பார்த்துச் சேருங்கள். நம் பக்கம் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மேற்குக் கரையிலிருந்தும் படகுகள் வந்துவிடும், உங்களுக்கும் ஓவர்டைம் நீளும், அப்போது ஒப்படை எழுத முடியாது. நவம்பரில் வாடை தொடங்கிக் கடல் கொந்தளிக்க, வரத்துக் குறையும். ஹசப் பயிற்சியை அந்த மாதங்களில் முடிக்கும்படி பாருங்கள். அதற்கு முன்னால் அந்தக் கோடு போட்ட தாளை ஒரு மாதம் நிரப்பிவிடுங்கள். விடிய ஷிப்ட்டில் நீங்கள், மற்ற ஷிப்ட்டில் மற்றவர்கள். கையெழுத்து வேறு வேறாக இருக்கட்டும்.